தெ ஷெவோவும் நான் தாண்டிப்போன சொல்லும்

குருசுக்குப்பத்தில் என் தாய்மாமா வீட்டின் பின்கட்டில் ஒரு சித்ரோயன் கார் நின்றது. மாமா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா. பிரான்சிலிருந்து திரும்பும்போது கப்பலில் கொண்டுவந்த வண்டி அது. 'தெ ஷெவோ' என்பார்கள், இரண்டு குதிரை என்று பொருள். எங்கள் தெருப் பிள்ளைகள் வைத்த பெயர் 'தகர டப்பா'.

1962-இல் ஒப்படைப்பு சட்டப்படி முடிந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். மாமா பிரெஞ்சுக்காரராகவே இருந்துவிட்டார். அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. நான் பிரெஞ்சில் படித்துவிட்டு, ஆங்கிலத்தில் கோப்பு எழுதும் குமாஸ்தா ஆனேன். ராசீனையும் மோலியேரையும் ஒப்பித்த வாய்க்கு அலுவலகத்தில் ஒரு வேலையும் இல்லை. கடைசியில் அந்தப் படிப்பு பயன்பட்டது மாமாவின் காருக்குத்தான்.

வண்டியோடு தடிமனான ஒரு பழுதுபார்க்கும் புத்தகமும் வந்திருந்தது, முழுக்க பிரெஞ்சு. மாமாவுக்குப் பேச்சு பிரெஞ்சு நன்றாக வரும், படிப்பதென்றால் கண்ணாடியைத் தேடுவார். எனவே ஞாயிற்றுக்கிழமைகளில் நான் படித்துச் சொல்ல, மாமா ஸ்பானர் பிடிப்பார். அம்பாசடர் வேலை மட்டுமே பார்த்த மெக்கானிக் ஒருவரும் வருவார். முதல் நாள் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "தண்ணி எங்க சார் ஊத்தறது?" என்று கேட்டார். தண்ணீரே கிடையாது. 602 சிசி, இடமும் வலமும் படுத்த இரண்டு சிலிண்டர்கள், முன்னால் கிராங்க் தண்டின் நுனியிலேயே ஒரு விசிறி. விசிறிக்கு பெல்ட் இல்லை, ரேடியேட்டர் இல்லை, டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை, ஹெட் கேஸ்கெட் கூட இல்லை. "அப்ப இன்னாதான் சார் இருக்குது இதுல?" என்று சிரித்தார்.

பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சில் நட்டும் போல்ட்டும் கிடையாது. வால்வு வேலைக்கு உட்கார்ந்தபோது 'ழெ' என்ற சொல் வந்தது. எனக்குத் தெரிந்தவரை அது விளையாட்டு. "வண்டி குளிர்ந்திருக்கும்போது விளையாட்டு 0.20 மில்லிமீட்டர் இருக்கணுமாம்" என்று படித்துவிட்டு விழித்தேன். மெக்கானிக் தலையைக் கூட நிமிர்த்தவில்லை. "ஆட்டம்னு சொல்லுங்க சார், வால்வு ஆட்டம்" என்றார். ஐந்தாறு வருடம் பிரெஞ்சு வாத்தியார்களிடம் அடி வாங்கியவன் நான், அர்த்தம் சொன்னது அவர். பற்றவைக்கும் நேரத்தைச் சரிபார்க்க 6 மில்லிமீட்டர் கம்பி ஒன்றை ஓட்டைக்குள் செருகினால் போதும் என்று புத்தகத்தில் பார்த்துச் சொன்னபோதுதான் எனக்குக் கொஞ்சம் மரியாதை கிடைத்தது.

கடற்கரை உப்புக் காற்றில் அந்த வண்டியில் முதலில் போனது சைலன்சர். உள்ளூர் பட்டறையில் வெல்டிங் வைத்து ஒப்பேற்றினோம். 1986 ஐப்பசியில் அதைத் திரும்ப மாட்டிய ஞாயிறு மெக்கானிக் வரவில்லை, மாமாவும் நானும்தான். எஞ்சினை ஒட்டிய குழாய் இணைப்புகளை இரண்டு துண்டு கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும். அதற்கு முன் 'பாத் தெத்தான்ஷெயித்தே' தடவச் சொல்லியிருந்தது. 'பாத்' என்றால் பிசைந்த மாவு, அது தெரியும். மற்றது தெரியவில்லை. லரூஸ் அகராதி வீட்டில் இருந்தது. எழுந்து போய்ப் பார்த்திருக்கலாம். ஆனால் மாமா எதிரில் தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை. கிரீஸ் மாதிரி ஏதோ என்று நினைத்து அந்த வரியைத் தாண்டி அடுத்ததைப் படித்தேன். மாமா இறுக்கினார். வண்டி ஓடியது.

அந்த வாரமே திண்டிவனத்தில் ஒரு கல்யாணம். இரவு திரும்பும்போது கிளியனூர் பக்கம் நல்ல மழை. ஜன்னல் எல்லாம் மூடியாயிற்று. உள்ளே ஆவி படிந்து கண்ணாடியில் பாதை தெரியவில்லை. மாமா ஹீட்டரைத் திறந்தார். புதுச்சேரியில் ஹீட்டர் போட்ட முதல் ஆள் நான்தான்டா என்று பெருமை வேறு. அந்த வண்டியில் ஹீட்டர் என்றால், சிலிண்டரைக் குளிர்வித்துவிட்டு வரும் சூடான காற்றையே குழாய் வழியாக உள்ளே விடுவதுதான். எஞ்சின் பக்கத்தில் புகை கசிந்தால் அதுவும் கூடவே வரும்.

சற்று நேரத்தில் பின் இருக்கையில் இருந்த என் மனைவி தலை வலிக்கிறது என்றாள். கல்யாண வீட்டு அலைச்சல் என்றேன். எனக்கும் வலித்தது. பழைய வண்டியின் நாற்றம் எப்போதும் இருப்பதுதான் என்று யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. பிறகு அவள், "என்னங்க, பாப்பா எழுந்திருக்க மாட்டேங்குது" என்றாள். ஐந்து வயது. தூக்கிப் பார்த்தால் தலை தொங்கியது. வண்டியை ஓரம் கட்டி, கொட்டும் மழையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். முகத்தில் மழை விழுந்தது. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. வாந்தி எடுத்தது, பிறகு அழுதது. அந்த அழுகையைப் போல ஒரு சத்தத்தை நான் அதற்குப் பின் கேட்கவில்லை. மீதி வழி முழுக்க ஹீட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, நனைந்துகொண்டே வந்தோம். விடிந்ததும் மருத்துவரிடம் காட்டினோம். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை என்று அவர் விளக்கினார்.

மறுநாள் மெக்கானிக் வந்து, எஞ்சினை ஓடவிட்டு, சைலன்சர் வாயில் ஈரச் சாக்கை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். இணைப்பில் 'புஸ்' என்று சத்தம் வந்தது, கிளாம்ப்பைச் சுற்றிக் கரி படிந்திருந்தது. மாமா உள்ளே போயிருந்த நேரம் பார்த்து, "பேஸ்ட் போட்டீங்களா சார்?" என்று என்னிடம் மெல்லக் கேட்டார். இல்லை என்றேன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. கடையில் வாங்கி வந்து தடவி மாட்டினார்.

அன்று இரவு லரூஸைப் புரட்டினேன். 'எத்தான்ஷெயித்தே': காற்றோ நீரோ கசியாமல் இருக்கும் தன்மை.

மாமா அதற்குப் பின் பதினோரு வருடம் இருந்தார். என் மகளைப் பார்க்கும்போதெல்லாம், "அன்னிக்கு நான் அந்த ஹீட்டரைத் திறக்காம இருந்திருக்கணும்டா" என்பார். நானும் ஒவ்வொரு முறையும், "விடுங்க மாமா, உங்க மேல என்ன தப்பு" என்று சொல்லிவைத்தேன். அதற்கு மேல் சொல்லவில்லை.