ரேஸருக்கு எட்டாயிரம் ரூபாயா?

ஆடவர் நாள்தோறும் கையாளும் கருவிகளுள் மிகக் குறைவாகப் பேசப்படுவது சவரக் கருவியே எனலாம். பேனாவைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். குடையைப் பற்றியும் மூக்குக் கண்ணாடியைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். காலையில் எழுந்ததும் கழுத்து நரம்புக்கு அருகே நாம் முழு நம்பிக்கையோடு கொண்டுபோகும் இந்தச் சிறு பொருளைப் பற்றி எழுத ஏனோ பலருக்கும் தோன்றுவதில்லை. இருபது வயதில் தொடங்கி எண்பது வயது வரை ஒருவர் நாள் தவறாமல் மழிப்பாரானால், ஏறத்தாழ 22,000 தடவை அது அவர் முகத்தில் பயணம் செய்கிறது. இவ்வளவு நெருங்கிய உறவுடைய பொருளுக்கு எவ்வளவு விலை கொடுக்கலாம் என்பது சிந்திக்கத்தக்க கேள்விதான்.

கேள்வி எழக் காரணம் உண்டு. தில்லியில் கரோல்பாக் கடைத்தெருவில் இருநூறு, முந்நூறு ரூபாய்க்கு நல்ல ரேஸர் ஒன்று கிடைக்கிறது. அதே வேலையைச் செய்யும் இன்னொரு ரேஸர் எட்டாயிரத்துக்கும் பத்தாயிரத்துக்கும் விற்கிறது. டைட்டானியத்தில் கடைந்தவை அதனினும் பன்மடங்கு விலை. இரண்டிலும் பொருத்துவது ஐந்து ரூபாய்ப் பிளேடே. எங்கள் மாலை நடைக் குழுவில் இப்பேச்சு வந்தபோது ஒருவர், "அது பணம் படைத்தவர்களின் பைத்தியம்" என்றார். மற்றொருவர், "ஒருமுறை வாங்கினால் பேரன் காலம் வரை உழைக்கும்" என்றார். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை.

விலையுயர்ந்த ரேஸர் இக்காலத்து நாகரிகக் கோளாறு என்று எண்ணுவோர் வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்க்க வேண்டும். கத்தியின் வெட்டு ஆழமாக இறங்காதபடி தடுப்பு ஒன்று வைக்கலாம் என்று பிரெஞ்சுக் கத்தித் தொழிலாளர் பெர்ரே 1769-இல் வெளியிட்ட நூலிலேயே எழுதினார். அமெரிக்காவில் காம்ப்ஃபே சகோதரர்கள் 1880-இல் பாதுகாப்பு ரேஸர் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றனர். ஆயினும் அதன் அலகைத் தீட்டித் தீட்டித்தான் பயன்படுத்த வேண்டும். தீட்டவே வேண்டாத, தேய்ந்ததும் எறிந்துவிடக்கூடிய மெல்லிய தகட்டு அலகை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் கிங் கேம்ப் ஜில்லெட். அத்தனை மெல்லிய எஃகைப் பதப்படுத்தும் வழியைக் கண்டவர் அவருடைய பொறியாளர் நிக்கர்சன். விற்பனை தொடங்கிய 1903-ஆம் ஆண்டு முழுவதிலும் விற்றவை 51 ரேஸர்களும் 168 பிளேடுகளுமே. காப்புரிமை 1904-இல் கிடைத்தது.

அன்று அந்த ரேஸரின் விலை 5 டாலர். அமெரிக்கத் தொழிலாளி ஒருவரின் ஏறத்தாழ அரைவாரக் கூலி. கைப்பிடியை இலவசமாகக் கொடுத்துவிட்டுப் பிளேடில் சம்பாதித்தவர் ஜில்லெட் என்று வணிக நூல்கள் சொல்வதுண்டு. நடந்தது வேறு. காப்புரிமை 1921-இல் முடியும் வரை ரேஸரை அவர் நிறுவனம் உயர்ந்த விலைக்கே விற்றது. மலிவு விலை ரேஸர் அதன் பின்னரே வந்தது. ஆகவே இன்று நாம் கேட்கும் கேள்வியை நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே யாரோ ஓர் அமெரிக்க மனைவி தன் கணவனிடம் கேட்டிருப்பாள் என்று நம்பலாம்.

இனி, விலை மிகுந்த ரேஸரில் அப்படி என்னதான் இருக்கிறது? பிளேடின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. தனியே பிடித்தால் காகிதம்போல் வளையும். ரேஸரின் தலை, மேல்தகடு கீழ்த்தகடு என்னும் இரண்டுக்கும் இடையே அதை வளைத்து நெருக்கிப் பிடித்து விறைப்பாக்குகிறது. விளிம்பு எவ்வளவு வெளியே நீள வேண்டும், விளிம்புக்கும் கீழ்த்தடுப்புக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும், தோலை எந்தச் சாய்வில் சந்திக்க வேண்டும் என்ற மூன்று அளவுகளும் அங்கேதான் முடிவாகின்றன. அளவுகள் கூடினால் கருவி முரடாகிறது, குறைந்தால் சாதுவாகிறது. பிளேடை விளிம்புக்கு மிக அருகிலேயே இறுக்கிப் பிடித்தால் தடித்த மயிரைச் சந்திக்கும்போது அது துடிக்காது. தள்ளிப் பிடித்தால் துடிக்கும். துடிப்பே எரிச்சலாகவும் கீறலாகவும் தோலில் தெரிகிறது.

மலிவான ரேஸர்களின் தலை பெரும்பாலும் ஜமாக் என்னும் துத்தநாகக் கலவையால் வார்த்து, குரோம் முலாம் பூசியது. துத்தநாகம், அலுமினியம், மெக்னீசியம், செம்பு ஆகியவற்றின் ஜெர்மன் பெயர்களின் முதலெழுத்துகள் சேர்ந்து 1929-இல் பிறந்த பெயர் அது. ஜமாக் கெட்ட உலோகம் அன்று. சோலிங்கன் நகரத்துப் புகழ்பெற்ற மெர்க்கூர் ரேஸர்களின் தலைகூட அதனால் ஆனதே; செம்மையாக வார்த்தால் பல்லாண்டு உழைக்கும். ஆனால் முலாம் பெயர்ந்துவிட்டால் உள்ளிருக்கும் உலோகத்தை ஈரம் அரிக்கும். கீழே விழுந்தால் திருகாணி முறிவதும் உண்டு. விலை மிகுந்தவை துருவேறா எஃகுக் கட்டியிலிருந்து இயந்திரத்தில் கடைந்து எடுக்கப்படுகின்றன. ஒவ்வொரு பக்கமும் ஒரே அளவாக அமைவதற்குத்தான் அங்கே பணம் செலவாகிறது.

ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். என் தந்தையார் காலத்து ரேஸர் பித்தளையால் செய்து நிக்கல் முலாம் பூசியது. அவருக்கு அது ஆடம்பரப் பொருள் அன்று. குமாஸ்தா சம்பளத்தில் வாங்கியதே. பழைய பிளேடைக் கண்ணாடித் தம்ளரின் உட்புறத்தில் தேய்த்துத் தேய்த்து இன்னும் இரண்டு நாள் ஓட்டிய மனிதர் அவர். முகத்துக்கு உதவாமல் போன பிளேடு எங்களுக்குப் பென்சில் சீவவும், அம்மாவுக்குத் தையல் பிரிக்கவும் பயன்பட்டது. அந்த ரேஸர் இன்றும் வேலை செய்யும். அன்று சாதாரணமாகக் கிடைத்த உறுதியை இன்று தனி விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது.

அடுத்து, விற்பவர்கள் காட்டும் சிக்கனக் கணக்கைப் பார்ப்போம். பல அடுக்குப் பிளேடுகள் கொண்ட நவீனத் தலை ஒன்று நூறு ரூபாய் என்றும், மாதம் இரண்டு வேண்டும் என்றும் வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 2,400 ரூபாய். ஐந்து ரூபாய்ப் பிளேடு ஐந்து நாள் உழைத்தால் நாளுக்கு ஒரு ரூபாய். ஆண்டுக்கு 365 ரூபாய். ஆண்டுதோறும் 2,035 ரூபாய் மிச்சம். நான்கு ஆண்டுகளில் எட்டாயிரமும் திரும்பிவிடும்! கணக்கு சரிதான், ஒப்பீடுதான் சரியன்று. இந்த மிச்சத்தைத் தருவது ஐந்து ரூபாய்ப் பிளேடு. அதை இருநூறு ரூபாய் ரேஸரிலும் பொருத்தலாம்; இரண்டு மாதங்களுக்குள் முதல் திரும்பிவிடும். இருநூறு ரூபாய் ரேஸரோடு ஒப்பிட்டால் எட்டாயிரம் ரூபாய் ரேஸர் எந்தக் காலத்திலும் பணமாகத் திரும்பாது. சிக்கனத்தின் பெயரால் அதை வாங்குவதில் பொருள் இல்லை.

பிளேடின் ஆயுளும் ரேஸரின் விலையைப் பார்த்து நீள்வதாகத் தெரியவில்லை. எஃகைவிட ஐம்பது மடங்கு மென்மையான மயிர் எவ்வாறு பிளேடை மழுக்குகிறது என்பதை மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் ஆராய்ந்து 2020-இல் வெளியிட்டனர். மயிர் வளைந்து சாய்வாக மோதும்போது, எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடங்களில் விளிம்பு நுணுக்கமாக உதிர்கிறது என்று கண்டனர். அவர்கள் பேசியது பிளேடின் எஃகைப் பற்றி. கைப்பிடியைப் பற்றி அன்று. மயிர் நீரை உறிஞ்சினால் இளகும் என்பது நாவிதர்கள் என்றைக்கோ அறிந்த உண்மை. தில்லியின் கடின நீரில் சோப்பு நுரைக்க மறுக்கும் குளிர்காலக் காலையில், ஒரு குவளை நல்ல வெந்நீர் செய்யும் உதவியை எட்டாயிரம் ரூபாய் செய்யாது.

இவ்வளவும் அறிந்திருந்தும் நான் எட்டாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு ரேஸர் வாங்கினேன். அதன் காரணத்தைச் சொன்னால்தான் இக்கட்டுரை நிறைவுறும்.

என் தமையனார் தபால் இலாகாவில் முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றியவர். அண்ணி மறைந்தபின் எங்களோடு தில்லியில் வந்து தங்கினார். முகம் மழிக்காமல் அவர் செய்தித்தாளைக்கூடக் கையில் எடுத்ததில்லை. அவருக்கு 2019-ஆம் ஆண்டின் இறுதியில் பக்கவாதம் கண்டது. வலக்கை விழுந்தது, முகத்தின் வலப்பக்கம் மரத்தது, பேச்சும் ஒன்றிரண்டு சொற்களாகச் சுருங்கியது. ஒருநாள்விட்டு ஒருநாள் முடிதிருத்துபவர் வீட்டுக்கு வந்து மழித்துவிட்டுப் போனார். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. அவரால் வர இயலவில்லை. அந்த வேலை என்னிடம் வந்தது.

மின்சாரக் கருவியே இத்தகையோருக்கு ஏற்றது என்று மருத்துவர் சொன்னார். பலருக்கு அதுவே சரியாக இருக்கும். அண்ணாவோ அதன் ரீங்காரம் கேட்டதுமே முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெந்நீர், பிரஷ், நுரை, ரேஸர் என்ற வரிசைதான் அவருக்குக் காலைப்பொழுது. அதை மாற்ற எனக்கு மனம் வரவில்லை.

தன் முகத்தைத் தானே மழிப்பவருக்கு இரண்டு இடங்களிலிருந்து செய்தி வருகிறது. கை உணர்வது ஒன்று, கன்னம் உணர்வது மற்றொன்று. பிறர் முகத்தில் பாதிச் செய்திதான் கிடைக்கும். மரத்துப்போன கன்னத்தில், பேச இயலாதவரின் முகத்தில், அந்தப் பாதியும் தேய்ந்துவிடுகிறது. என் பழைய ரேஸரில் பிளேடு இம்மியளவு கோணலாக அமரும். ஒரு பக்க விளிம்பு சற்றே கூடுதலாக நீட்டி நிற்கும். என் முகத்தில் அது ஒரு குறையாகவே இருந்ததில்லை. கை அதற்கேற்பத் தானே வளைந்துகொள்ளும். அண்ணாவின் தளர்ந்த தோலிலும் விறைத்த வெண்மயிரிலும் அதே இம்மி பெரிதாகிவிட்டது. கீழ்த்தாடையோரம் இரத்தம் கசிந்தது அவருக்குத் தெரியவில்லை, எனக்குத்தான் தெரிந்தது.

அவ்வாண்டு ஆகஸ்டில் எஃகு ரேஸரை வரவழைத்தேன். தொலைபேசியில் விலையைக் கேட்ட அண்ணன் மகன், "என்ன சித்தப்பா, ஒரு ரேஸருக்கா எட்டாயிரம்?" என்றான். ஆமாம் என்றேன். மழித்தபோது முதல் நாள் அதிசயம் எதுவும் நிகழவில்லை. இரு பக்கமும் ஒன்றுபோலவே நடந்தன. தளர்ந்த தோலை இடக்கையால் நீவிப் பிடித்தால் போதும், மோவாயில்கூடப் பிளேடு துடிக்கவில்லை. முடிந்ததும் அண்ணா இடக்கையால் கன்னத்தைக் கீழிருந்து மேலாகத் தடவிப் பார்ப்பார். எங்காவது மயிர் நின்றிருந்தால் அந்த இடத்தை விரலால் இரண்டு முறை தட்டிக் காட்டுவார். நான் மறுபடி நுரை தடவுவேன். அவர் தம் விருப்பத்தைத் தெளிவாக என்னிடம் சொல்ல முடிந்த வேளைகளுள் அதுவும் ஒன்று. அவர் மறையும் வரை இருபது மாதங்கள் இது நடந்தது. படிகாரக் கட்டியை எடுக்க நேர்ந்த நாள்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

அதற்குப் பின் அந்த ரேஸரை என் முகத்தில் ஒரு மாதமும், பழையதை அடுத்த மாதமுமாக மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் பார்த்தேன். எஃகின் கனம் கைக்கு இதமாக இருக்கிறது என்பது மெய். மழித்த கன்னத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தடவினால் எந்த மாதத்துக் கன்னம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆகவே என்னைக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கையும் தோலும் செம்மையாக உள்ளவருக்கு முந்நூறு ரூபாய் ரேஸர் போதும். வாங்கும்போது கடையிலேயே ஒரு பிளேடைப் பொருத்தி, வெளிச்சத்தில் பிடித்து, இரு பக்க விளிம்பும் சமமாகத் தெரிகின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். மிஞ்சிய பணத்தில் நல்ல பிரஷும் நாலைந்து வகைப் பிளேடுகளும் வாங்கி, எது ஒத்துக்கொள்கிறது என்று தேருங்கள். கை நடுங்கத் தொடங்கியவர், தோல் எளிதில் சிவப்பவர், பிறர் முகத்தை மழிக்கும் பொறுப்புடையவர் ஆகியோர்க்கு அளவு தவறாத எஃகுக் கருவி விலைக்குத் தகுந்த பொருளே. அதற்கு மேற்பட்ட விலைகள் அழகுக்கும் பெருமைக்கும் உரியவை. அழகுக்குப் பணம் கொடுப்பது குற்றமன்று. அதைச் சிக்கனம் என்று வீட்டாரிடம் சொல்லாதவரை.

எங்கள் நடைக் குழுவில் பைத்தியம் என்று சொன்னாரே, அந்த நண்பரின் மாமனார் சென்ற ஆண்டு படுக்கையில் விழுந்தார். எஃகு ரேஸரில் இன்னொரு வசதி உண்டு. கொதிநீரில் இட்டு எடுக்கலாம். அப்படி எடுத்து, துடைத்து, புதிய பிளேடு ஒன்றும் சேர்த்து அவரிடம் கொடுத்திருக்கிறேன். விலையைப் பற்றி அவர் இப்போது ஒன்றும் சொல்வதில்லை.