"வீட்ல இங்கிலீஷ் மட்டும் பேசுங்க"ன்னு ஸ்கூல்ல சொன்னாங்களா? இதைப் படிச்சிட்டு முடிவு பண்ணுங்க

கொஞ்சம் நீளமான த்ரெட். வீட்ல சின்னக் குழந்தை இருந்தா பொறுமையா படிங்க.

போன மே மாசம் திண்டிவனத்துல என் கிளினிக்குக்கு ஒரு பாட்டி ரெண்டரை வயசுப் பேரனைக் கூட்டிட்டு வந்தாங்க. சென்னையில ப்ளே ஸ்கூல் போறான், லீவுக்கு வந்திருக்கான். காய்ச்சல், சளி எதுவும் இல்லை. "பேச்சே வரல சார். ரெண்டு மொழி கேட்டா குழம்பிடுவான், இங்கிலீஷ்லயே பேசுங்கன்னு ஸ்கூல்ல சொல்லிட்டாங்களாம். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. அதனால நான் அவன்கிட்ட பேசுறதே இல்லை" என்றார்.

அம்மாவுக்கு போன் போட்டேன். வீட்ல என்ன பேசுவீங்கம்மா? "கம், சிட், ஈட், டோன்ட் டச்." அவ்வளவுதான். அவங்களைக் குறை சொல்ல முடியாது. சரளமா வராத மொழியில யாரால கொஞ்ச முடியும், கதை சொல்ல முடியும்? மொழியை மாத்தினதுல பேச்சோட அளவே சுருங்கிப் போச்சு. குழந்தைக்கு அதுதான் நஷ்டம்.

ஸ்கூலைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லைங்க. இதே அட்வைஸை நானும் குடுத்திருக்கேன்.

படிப்பு முடிச்ச புதுசு, விழுப்புரம் பக்கம் வேலை. வீட்ல தெலுங்கு பேசுற குடும்பம், ரெண்டு வயசுப் பொண்ணு, ஒரு வார்த்தை பேசல. "ரெண்டு மொழி குழப்பும். தமிழ் மட்டும் பேசுங்க, சரியாயிடும்"னு அனுப்பிட்டேன். ஒன்றரை வருஷம் கழிச்சுத் திரும்ப வந்தாங்க. பெரா டெஸ்ட் எடுத்தா ரெண்டு காதும் கேட்கல. காதே கேட்காத குழந்தைக்கு நான் மொழி செலக்ட் பண்ணிக் குடுத்திருக்கேன்! முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல ஆறு வயசுக்குள்ள காக்ளியர் இம்ப்ளான்ட் செய்ய வழி இருக்கு. அந்தப் பொண்ணுக்கும் செஞ்சாங்க, பேச்சுப் பயிற்சியும் நடந்துச்சு. ஆனா மூளை மொழியை வேகமா உள்வாங்குற வயசுல ஒன்றரை வருஷம் என்னால வீணாச்சு. அந்த அப்பா என்னை ஒரு வார்த்தை கேட்கல. கேட்டிருக்கலாம்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். ரெண்டு மொழி கேட்டு வளர்றதால பேச்சுத் தாமதம் வராது. "டாக் வருது"ன்னு கலந்து பேசுறது குழப்பமும் இல்லை, அது இயல்பு. வார்த்தைகளை எண்ணும்போது ரெண்டு மொழியையும் சேர்த்து எண்ணுங்க. 'தண்ணி' ஒண்ணு, 'வாட்டர்' ஒண்ணு. இங்கிலீஷ் வார்த்தைகளை மட்டும் எண்ணினா எந்தத் திண்டிவனத்துப் பிள்ளையும் ஊமைதான்.

திண்டிவனத்துல இருந்து பஸ் ஏறினா பாண்டிச்சேரி. அங்க 1826-ல ஆரம்பிச்ச பிரெஞ்சுப் பள்ளி, லிசே பிரான்சே, இன்னிக்கும் நடக்குது. வீட்ல தமிழ் பேசுற பிள்ளைங்க அங்க பிரெஞ்சுல பாடம் படிக்கிறாங்க. அவ்வளவு ஏன், இத்தாலியில மிலன் மாதிரி பெரிய ஊர்கள்ல இத்தாலியனும் இங்கிலீஷும் சேர்த்துச் சொல்லிக்குடுக்குற பள்ளிக்கு பெத்தவங்க காசு கட்டிச் சேர்க்கிறாங்க. வீட்டு மொழியை விட்டுட்டு வான்னு அங்க சொல்றதில்லை.

எதுக்குத்தான் பயப்படணும்? ஒரு வயசாகியும் 'பாபா, தாதா'ன்னு மழலை இல்லை. ஒன்றரை வயசுல ஒரு வார்த்தையும் இல்லை. ரெண்டு வயசுல 'அம்மா வா'ன்னு ரெண்டு வார்த்தை சேர்க்கல. பேரைக் கூப்பிட்டா திரும்பல. பேசிட்டிருந்த வார்த்தை காணாம போச்சு. இதுல எது இருந்தாலும், எந்த மொழி பேசுற வீடா இருந்தாலும், முதல்ல காது டெஸ்ட். கதவைத் தட்டினா திரும்புறானே டாக்டர்னு சொல்லாதீங்க, அது அதிர்வா இருக்கலாம். விழுப்புரம் பக்கம்னா முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியில காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போங்க. "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு"ன்னு காத்திருக்க வேண்டாம்.

அந்தப் பேரனையும் டெஸ்டுக்கு அனுப்பினேன். காது நார்மல். பேச்சுப் பயிற்சிக்கு எழுதிக் குடுத்தேன், பாட்டியைத் தமிழ்லயே பேசச் சொன்னேன். "கதை சொல்லலாமா சார்?"னு கேட்டாங்க. தாராளமா சொல்லுங்கன்னேன். ஜூன்ல ஸ்கூல் திறந்ததும் பாட்டியையும் சேர்த்தே சென்னைக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்களாம்.