முள் சொல்லும் சாட்சி

கண்ணுக்குப் புலப்படாததைக் கண்முன் நிறுத்துவதே கருவியின் கடமை. தொழிற்சாலையில் முடிந்து வரும் காரை வாங்குவோர் இதுபற்றிக் கவலைப்பட வேண்டுவதில்லை. அவர்களுக்காக வேறொருவர் எண்ணி முடித்திருப்பார். வீட்டுக் கொட்டகையில் தானே கார் கட்டுபவனுக்கு அச்சலுகை கிடையாது. எந்த மீட்டரை எங்கே பதிப்பது என்று அவனே முடிவு செய்ய வேண்டும். அது சொல்லும் மெய்க்கும் பொய்க்கும் அவனே பொறுப்பாளி.

இங்கிலாந்தில் இந்த வழக்கம் பழையது. காலின் சாப்மனின் லோட்டஸ் செவன் என்னும் சிறு கார் 1957-இல் வெளிவந்தது, பாகங்களாகவும் விற்கப்பட்டது. முழுக் காருக்கு உண்டான கொள்முதல் வரி, பாகங்களை வாங்கி வீட்டில் பூட்டுவோருக்கு இல்லை. 1973-இல் மதிப்புக் கூட்டு வரி வந்ததும் அந்த ஆதாயம் மறைந்தது. ஆசை மட்டும் மறையவில்லை. அக்காரைச் செய்யும் உரிமையைக் கேட்டர்ஹாம் நிறுவனம் அதே ஆண்டில் பெற்றது.

அவ்வகைக் காரொன்றுக்கு மீட்டர்கள் தேர்ந்தெடுப்பதில் நாமும் பல மாலைப் பொழுதுகளைச் செலவிட்டிருக்கிறோம். முதலில் மனத்தைக் கவர்வது அழகுதான். கறுப்பு முகம், வெள்ளை எழுத்து, குரோமிய வளையம் கொண்ட பழைய ஸ்மித்ஸ் மீட்டர்களைக் கண்டால் கை தானாக நீளும். ஆனால் அழகிய முகம் உண்மை பேசும் என்பதற்கு உத்தரவாதம் உண்டா?

பழைய வேகமானியின் முகத்தில் 1000 போன்றதொரு சிறிய எண் இருக்கும். ஒரு மைல் ஓடும்போது கேபிள் 1000 முறை சுழல வேண்டும் என்பது அதன் பொருள். டயரின் அளவோ பின்னச்சின் பல்விகிதமோ மாறிக் கேபிள் 1100 முறை சுழன்றால், 60 மைல் வேகத்தை அது 66 என்று காட்டும். கூட்டிச் சொல்வதை ஓரளவு பொறுத்துக்கொள்ளும் சட்டம், குறைத்துச் சொல்வதைச் சிறிதும் பொறுப்பதில்லை. அச்சத்தை மிகுவிக்கும் பிழையைவிடத் துணிச்சலை மிகுவிக்கும் பிழையே கொடியது அன்றோ!

பெட்ரோல் மீட்டரின் கதை இன்னும் விந்தையானது. டாங்கிக்குள் மிதவையொன்று ஏறி இறங்க, அதற்கேற்ப மின்தடை மாறும். அமெரிக்க வழக்கில் வெறும் டாங்கிக்கு 240 ஓம், நிறைந்ததற்கு 33 ஓம். ஐரோப்பிய விடிஓ வழக்கில் வெறுமைக்கு 10, நிறைவுக்கு 180. முன்னதன் மிதவையைப் பின்னதன் மீட்டரோடு இணைத்தால், வற்றிய டாங்கி நிறைந்ததாகக் காட்சி தரும். இரண்டும் பழுதற்றவையே; ஒன்றின் மொழி மற்றதற்குப் புரியவில்லை, அவ்வளவுதான். ஆதலின் மிதவையையும் மீட்டரையும் ஒரே இனத்தில் வாங்குவதே அறிவுடைமை.

மிதவையைக் கொண்டு காலத்தைக் காட்டிய அல்-ஜஸரி இங்கே நம் நினைவுக்கு வருகிறார். 1206-இல் அவர் எழுதி முடித்த பொறியியல் நூலில் விவரிக்கும் கோட்டைக் கடிகாரத்தில், நீர்த்தொட்டியின் மிதவை சீராக இறங்கியே பொம்மைகளை இயக்குகிறது. மறைவிலிருக்கும் நீரின் நிலையை வெளியிலிருப்போர் அறியச் செய்த அந்த உத்தி, இன்று பெட்ரோல் டாங்கிக்குள்ளும் உழைக்கிறது.

மீட்டர்களைப் பதிப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. பந்தயக் கார் கட்டுவோர், வட்டங்களைச் சற்றே திருப்பி, எஞ்சின் நலமாயிருக்கையில் எல்லா முட்களும் செங்குத்தாக நிற்குமாறு அமைப்பர். எண்கள் சாய்ந்து போகும், போகட்டும். தொழுகையின் ஸஃப்பைப் போல் முட்கள் நேராக நிற்கும்போது, விலகியது எதுவென எண்ணைப் படிக்காமலே கண் அறிந்துகொள்ளும். ஆயினும் ஆயில் அழுத்தம் வீழ்ந்தால் எஞ்சினின் ஹயாத் சில கணங்களே. அதற்கு முள்ளோடு ஒரு சிவப்பு விளக்கும் வேண்டும். முள் மெல்ல உரைக்கும். விளக்கு உரக்கக் கூவும்.

அர்-ரஹ்மான் அத்தியாயத்தில் இறைவன் தராசைப் பற்றிப் பேசுகிறான். அதைக் கடைவீதிக்கு மட்டும் உரியதென்று ஒதுக்கிவிடலாகாது. அளந்து காட்டும் எதுவும் மீஸானே. பக்கத்து இருக்கையில் அமரும் மனைவியும் மக்களும் மீட்டரைப் பார்ப்பதில்லை. ஓட்டுபவனை நம்பி ஏறுகிறார்கள். அவனோ முள்ளை நம்புகிறான். அந்த முள்ளை மெய் பேச வைப்பது, கட்டியவன் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.