ஊட்டியில் ஓர் ஓட்டைக் காமிரா

ஊட்டிக்குப் புறப்படுகிறவர்கள் கம்பளிச் சட்டையும் குல்லாயும் எடுத்துக்கொள்வார்கள். நான் அவற்றோடு ஒரு டார்ச் விளக்கும், ஒரே ஒரு பிலிம் சுருளும் எடுத்துக்கொண்டேன். அத்தை வீட்டில் ஒரு நோயாளி காத்திருந்தது. நோயாளி வேறு யாருமில்லை, காலஞ்சென்ற மாமாவின் மடிப்புக் காமிராதான்!

மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறினேன். 1908-ல் உதகை வரை நீண்ட பாதை அது. கல்லாறு தாண்டியதும் எஞ்சின் பற்சக்கரத்தால் தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு, மூச்சு வாங்கியபடி மலை ஏறுகிறது. 46 கிலோமீட்டர் கடப்பதற்குள் இரண்டு முறை பசித்துவிட்டது!

காப்பி கொடுத்த கையோடு அத்தை ஒரு படத்தை நீட்டினாள். தாவரவியல் பூங்காவில் நிற்கும் அத்தை. ஆனால் முகத்தின் மேல் ஒரு வெள்ளைப் பொட்டு.

"மாமா கடைசியாக எடுத்தது. 'கை நடுங்க ஆரம்பித்துவிட்டது, இனி எனக்குப் படம் பிடிக்க வராது' என்று காமிராவை அன்றே பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்."

அந்தச் சுருளில் எடுத்த எட்டுப் படங்களையும் வாங்கிப் பார்த்தேன். எட்டிலும் பொட்டு ஒரே இடத்தில் இருந்தது. எனக்குச் சந்தேகம் தட்டியது.

இரவு சாமான் அறையில் விளக்கை அணைத்தேன். காமிராவின் பின்கதவைத் திறந்து, டார்ச்சைத் துருத்திக்குள் வைத்தேன். மடிப்பின் மூலையில் ஊசிமுனை அளவு ஒரு நட்சத்திரம் மின்னியது!

"இதோ பாருங்கள் அத்தை, குற்றவாளி! இந்த ஓட்டை வழியாகத்தான் வெளிச்சம் நுழைந்து பிலிமைக் கெடுத்திருக்கிறது. கை நடுங்கினால் படம் முழுவதும் கலங்கும், பொட்டு விழாது."

அத்தை நெடுநேரம் அந்த ஒளிப்புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாவம், அவர் கையைக் குறை சொல்லிக்கொண்டாரே!" என்றாள் மெதுவாக.

பழைய குடையின் கறுப்புத் துணியைச் சிறிதாக வெட்டி, பசை தடவி ஒட்டினேன். மறுபடி டார்ச் வைத்தபோது மங்கலாக ஒரு புள்ளி. அதன் மேல் இன்னொரு துண்டு. நட்சத்திரம் அணைந்தது. இன்னொரு கோளாறும் இருந்தது. ஒரு விநாடியில் மூட வேண்டிய ஷட்டர் மூன்று விநாடி தூங்கியது. பழைய எண்ணெய் குளிரில் இறுகியிருக்க வேண்டும். புது எண்ணெய் விட்டால் இலைகளில் பரவி இன்னும் ஒட்டிக்கொள்ளும். பிரித்துச் சுத்தம் செய்வது தொழில் தெரிந்தவர் வேலை. நல்லவேளையாக நூறில் ஒரு விநாடி வேகம் சரியாகவே ஓடியது. வெயிலில் அது போதும்.

மறுநாள், ஒட்டு விட்டுவிடாதபடி காமிராவை மடிக்காமலே கையில் ஏந்திக்கொண்டு, 1848-ல் உருவான அந்தப் பூங்காவுக்குப் போனோம். வழியில் அத்தை பழைய கதை சொன்னாள். 1960-ல் தோன்றிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 'இந்து' பிலிமை இந்த ஊரில்தான் தயாரித்தது. இன்று அந்த ஆலை ஓடவில்லை. என் சுருளோ கடல் கடந்து வந்தது!

சென்னை திரும்பிச் சுருளைக் கழுவக் கொடுத்தேன். ஏழு படங்கள் பளிச்சென்று வந்தன, பொட்டே இல்லை. எட்டாவதில் மட்டும் இரண்டு அத்தைகள்! பிலிமைச் சுற்ற மறந்து, ஒன்றின் மேல் ஒன்றாக எடுத்திருக்கிறேன்.

படங்கள் கிடைத்ததும் அத்தை டெலிபோன் செய்தாள்: "இது காமிராவின் கோளாறும் இல்லை, மாமா கையின் கோளாறும் இல்லை. உன் கோளாறுதானடா!"