கடையில் வாங்காத விளையாட்டு



பாடசாலை விடுமுறை தொடங்கிவிட்டால் வீடுகளில் என்ன நடக்கிறது என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டுமா? பிள்ளையின் கையில் தொலைபேசி, உம்மாவின் வாயில் ஏச்சு. தொலைபேசியைப் பறித்தால் அழுகை, கொடுத்தால் மௌனம். இந்த இரண்டுக்கும் நடுவே வேறொரு வழி இருக்கிறது. சில ஆண்டுகளாக விடுமுறை நாட்களில் என் வீட்டு விறாந்தையில் நான் நடத்திவரும் விளையாட்டைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன். மௌலவி ஆசிரியர் ஒருவருக்கு விளையாட்டைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்டுவிடாதீர்கள். வாசித்து முடித்த பிறகு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

இது என்ன விளையாட்டு?

ஒரு பாயை விரித்து ஐந்தாறு பிள்ளைகள் வட்டமாக அமர்கிறார்கள். ஒருவர் கதையை நடத்துகிறார். மற்ற ஒவ்வொருவரும் கதையில் வரும் ஓர் ஆளாக மாறிவிடுகிறார்கள். ஒருவர் வழிகாட்டி, ஒருவர் வைத்தியர், ஒருவர் சுமையாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஆளுக்கும் பலம் எவ்வளவு, தைரியம் எவ்வளவு என்று கொப்பியில் இலக்கம் எழுதப்பட்டிருக்கும். "ஆற்றில் வெள்ளம் வருகிறது, என்ன செய்கிறீர்கள்?" என்று கதை நடத்துபவர் கேட்பார். பிள்ளைகள் கூடிப் பேசி முடிவு சொல்ல வேண்டும். முடிவு பலிக்குமா என்பது சந்தேகமான இடத்தில் மட்டும் ஓர் இலக்கம் எடுத்துப் பார்ப்போம். இதில் வென்றவரும் இல்லை, தோற்றவரும் இல்லை. கதை அடுத்த நாளும் தொடரும்.

இந்த முறை அமெரிக்காவில் பிறந்தது. மினசோட்டா மாநிலத்தில் டேவ் ஆர்ன்சன் என்ற இளைஞர் 1971 அளவில் தன் நண்பர்களுடன் இப்படி ஒரு கற்பனை நாட்டில் விளையாடத் தொடங்கினார். விஸ்கான்சின் மாநிலத்தில் கேரி கைகக்ஸ் என்பவர் இருந்தார். காப்புறுதிக் கம்பனியில் பார்த்த வேலை 1970இல் பறிபோனபின், செருப்புத் திருத்திக் குடும்பம் நடத்தியவர் அவர். இருவரும் சேர்ந்து எழுதிய விதிகள் 'டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' என்ற பெயரில் 1974இல் வெளிவந்தன. மூன்று சிறு புத்தகங்கள் கொண்ட பெட்டி அது. முதல் ஆயிரம் பெட்டிகளையும் வீட்டிலேயே கையால் அடுக்கித்தான் விற்றார்கள்.

அடுத்த ஆண்டு, 1975 மார்ச் மாதத்தில், கலிபோர்னியாவில் ஒரு வீட்டின் கார் கொட்டகையில் வேறு சிலர் கூடினார்கள். கணனியை வீட்டிலேயே பொருத்திப் பார்க்க ஆசைப்பட்டவர்கள் அவர்கள். ஸ்டீவ் வொஸ்னியாக் என்பவர் தான் வரைந்த கணனிப் படங்களைப் பின்னர் அந்தக் குழுவின் கூட்டங்களில் எல்லோருக்கும் இலவசமாகவே கொடுத்தார். 'அப்பிள்' கணனி பிறந்தது அங்கிருந்துதான். பெரிய கம்பனிகள் கையில் எடுக்கும் முன்னரே, இவ்விரண்டும் வீட்டு மனிதர்களின் கைவேலையாக இருந்தன என்பதைக் கவனியுங்கள்.

எனக்கு வந்த வழி

1989ஆம் ஆண்டு என் மாமா குவைத்திலிருந்து விடுமுறையில் வந்தபோது 'ஸக்ர்' கணனி ஒன்றைக் கொண்டுவந்தார். முஹம்மத் அஷ்ஷாரிக் என்ற குவைத் நாட்டவர் 1982இல் ஆரம்பித்த நிறுவனத்தின் தயாரிப்பு அது. அரபு மொழியைக் கணனிக்குள் கொண்டுவரப் பாடுபட்ட அவர் 2024இல் காலமானார். தட்டச்சுப் பலகைக்குள்ளேயே முழுக் கணனியும் அடங்கியிருக்கும். அதை ரீ.வி. பெட்டியில் பொருத்த வேண்டும். எழுதிய கட்டளைகளைப் பாட்டுக் கேட்கும் கசட்டில்தான் சேமிக்க வேண்டும்.

எனக்கு அப்போது பதினொரு வயது. தற்செயலாக ஓர் இலக்கம் தரும்படி அதற்குக் கட்டளையிடலாம் என்று கண்டுபிடித்தேன். வந்த இலக்கங்களைக் கொப்பியில் எழுதினேன். மறுநாள் கணனியைப் போட்டதும் அதே இலக்கங்கள் அதே வரிசையில் வந்தன! கணனிக்குள் 'தற்செயல்' என்று ஒன்றும் இல்லை. ஒரு கணக்கைத்தான் அது போட்டுக் காட்டுகிறது. உள்ளே ஓடும் நேரத்தின் அளவைக் கட்டளையோடு சேர்த்துக் கொடுத்தால்தான் வரிசை மாறும். இதைக் கண்டறிய எனக்கு ஒரு மாதம் பிடித்தது. பின்னர் அரபுக் கல்லூரியில் இலக்கணம் படித்தபோது, ஒரு சொல்லைப் பிரித்து அதன் மூலத்தைத் தேடும் பொறுமையை அந்த ஒரு மாதம்தான் எனக்குத் தந்ததோ என்று எண்ணியதுண்டு.

இன்று என் வீட்டிலிருப்பது ஓர் அலுவலகம் கழித்துவிட்ட பழைய கணனி. போட்டால் 'பீப் பீப்' என்று கத்தியதே தவிர, திரை வெளிக்கவில்லை. மின்சாரத்தைக் கழற்றிவிட்டு, நினைவகத் தகட்டை வெளியே எடுத்து, அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துத் திரும்பப் பொருத்தினோம். உயிர் வந்தது. திகதி மட்டும் ஒவ்வொரு நாளும் பழைய ஆண்டுக்கே ஓடியது. அதற்குக் காரணம் காசு வடிவிலான ஒரு சிறிய பற்றரி. அதை மாற்றியதும் அந்தக் குறையும் தீர்ந்தது. பன்னிரண்டு வயதான என் மகள் இதையெல்லாம் தன் கையாலேயே செய்தாள்.

புத்தளத்திலிருந்து பாவாத மலைக்கு

எங்கள் விளையாட்டின் கதையை நாங்களே அமைத்தோம். 1344இல் இப்னு பதூதா இலங்கைக்கு வந்து எங்கள் புத்தளத்தில்தான் இறங்கினார். இங்கிருந்த ஆரியச் சக்கரவர்த்தி அவருக்குப் பல்லக்குக் கொடுத்து, நான்கு யோகிகள், மூன்று பிராமணர்கள், வேறு பத்துப் பேர், உணவு சுமக்கப் பதினைந்து பேர் ஆகியோரையும் சேர்த்துப் பாவாத மலைக்கு அனுப்பினார். வழியில் அட்டை கடிக்கும் என்பதையும், அதற்குத் தேசிக்காய்ச் சாறு பிழிவார்கள் என்பதையும்கூட அவருடைய பயண நூல் கூறுகிறது. இதைவிட நல்ல கதைக்களம் எங்கே கிடைக்கும்?

சென்ற விடுமுறையில் ஆறு பிள்ளைகளும் கதையில் வரும் ஆறு சுமையாட்களுமாகப் பன்னிரண்டு பேர் பயணம் போனார்கள். சுமையாட்களில் ஒருவருக்குக் காய்ச்சல். அவருக்காகப் பேசும் பொறுப்பு ஒரு சின்னப் பையனுக்கு. ஆறு கடக்கையில் அரிசி மூட்டை ஒன்று போய்விட்டது. மீதி ஒன்பது கொத்து. அடுத்த ஊருக்கு நான்கு நாள். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு சுண்டு என்பது பிள்ளைகளே எழுதிய விதி. இக்கணக்குகளுக்காக என் மகள் கணனியில் ஒரு சிறு நிரல் எழுதி வைத்திருந்தாள். கணனி உடனே பதில் சொன்னது: ஒன்பது பேர் போகலாம்.

மூன்று பேரை விட்டுவிட்டுப் போவோம் என்றார்கள் பிள்ளைகள். முதலில் காய்ச்சல்காரன். கணக்குச் சரிதான். நான் மறுத்துப் பேசவில்லை. "அவரிடம் யார் போய்ச் சொல்வது?" என்று மட்டும் கேட்டேன்.

தலைவனாக இருந்தவன் பதின்மூன்று வயதுப் பையன். அவனுடைய வாப்பா கட்டாரில் வேலை செய்கிறார். அவன் எழுந்து சின்னவன் முன்னால் போய் அமர்ந்தான். "நீங்க இங்கேயே..." என்று தொடங்கினான். சின்னவன் அவனை நிமிர்ந்து பார்த்து, "எனக்கு வீட்ட ரெண்டு புள்ளைகள் இருக்கு நானா" என்றான். பாயில் ஒருவரும் பேசவில்லை. தலைவன் திரும்பி வந்து, "என்னால ஏலாது மௌலவி சேர்" என்றான்.

அப்போதுதான் என் மகள் கணனிப் பக்கம் போனாள். "நாங்க கேட்ட கேள்வி, எத்தனை பேர் போகலாம் என்று. பன்னிரண்டு பேரும் போனால் ஆளுக்கு எவ்வளவு என்று கேட்கவில்லையே வாப்பா?" என்றாள். நிரலை மாற்றினாள். முக்கால் சுண்டு என்று வந்தது. குறைத்துச் சாப்பிட்டால் நாளுக்கு ஒரு பலம் குறையும் என்ற விதிப்படி எல்லோரும் பலவீனமானார்கள். ஆனால் பன்னிரண்டு பேரும் ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

சகோதரிகளே, கணனி பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குத்தான் அது பதில் சொல்லும். கேள்வியை மாற்ற வேண்டும் என்ற எண்ணம் ஒரு முகத்தைப் பார்த்த பின்னர்தான் பிள்ளைகளுக்கு வந்தது. வாங்கிய விளையாட்டில் விதி திரைக்குப் பின்னால் இருக்கும். பிள்ளைக்கு அதைத் திறந்து பார்க்கவும் முடியாது, மாற்றவும் முடியாது. தானே எழுதிய விதியாக இருந்தால், அது யாரை வருத்துகிறது என்பதையும் அவனே பார்த்துத் திருத்தலாம்.

ஒரு தாயின் பயம்

அந்தத் தலைவனின் உம்மா சில நாட்களுக்கு முன்னர் என்னிடம் வந்திருந்தார். கையில் மகனின் கொப்பி. அதில் ஒரு பூதத்தின் படமும், பலம் 12, தைரியம் 9 என்ற குறிப்புகளும் இருந்தன. "இது என்ன மௌலவி, சூதா? சூனியமா? அடுப்புல போட்டுடட்டுமா?" என்று கேட்டார். அவருடைய பயம் புதியதல்ல. 1980களில் அமெரிக்காவிலேயே பெற்றோர் சிலர் இவ்விளையாட்டுக்கு எதிராக இயக்கம் நடத்தியிருக்கிறார்கள்.

தாயக்கட்டையைப் பற்றி மார்க்க அறிஞர்கள் கடுமையாகக் கூறியிருப்பதை நான் அறிவேன். ஆகவே எங்கள் பாயில் தாயக்கட்டை இல்லை. தொப்பிக்குள் போட்ட இலக்கத் துண்டுகள்தான் இருக்கின்றன. பணயம் இல்லை. மந்திரமும் இல்லை. 1979இல் கட்டைகளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, அந்த அமெரிக்கக் கம்பனியே தன் பெட்டிகளில் இலக்கத் துண்டுகளைத்தான் வைத்து விற்றது. இதையெல்லாம் விளக்கிவிட்டு, "ஒரு நாள் அஸருக்குப் பிறகு வந்து இருந்து பாருங்க. அதற்குப் பிறகும் அடுப்பில போட நினைத்தால் போடுங்க" என்றேன்.

அரிசிக் கணக்கு நடந்த அன்று அவர் என் மனைவியோடு உள்வாசலில் அமர்ந்திருந்தார். பிள்ளைகள் ஊர் போய்ச் சேர்ந்ததும், அரிசி விற்கும் பெண்ணாக யார் பேசுவது என்று கேள்வி வந்தது. "நான் பேசுறன்" என்று உள்ளேயிருந்து அவருடைய குரல் கேட்டது. விலையில் அரைச் சதமும் குறைக்க மறுத்து, தன் மகனையே அரை மணித்தியாலம் வாதாட வைத்தார். போகும்போது, "வீட்டில இவன் என்னோட இவ்வளவு பேசினதே இல்ல மௌலவி" என்றார். கொப்பி இன்னும் அவர்கள் வீட்டில் பத்திரமாக இருக்கிறது.

நீங்களும் தொடங்கலாம்

இதற்குப் பணம் தேவையில்லை. ஒரு கொப்பி, ஒரு பென்சில், ஒன்று முதல் இருபது வரை எழுதிய துண்டுகள் போதும். உங்கள் மூத்தம்மா சொன்ன ஒரு பயணக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். விதிகள் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். விதி பிழைத்தால் பிள்ளைகளையே திருத்தச் சொல்லுங்கள். கதை நடத்தும் இடத்தில் நீங்களே அமருங்கள். சமையலறையில் பத்துப் பேருக்குக் கணக்குப் போட்டுச் சமைப்பவருக்கு இது ஒரு பெரிய காரியமா? பழைய கணனி கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் விரல்களால் எண்ணலாம். ஓரமாக இருக்கும் பிள்ளைக்கு முதலில் பேச இடம் கொடுங்கள். மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் பாயைச் சுருட்டிவிடுங்கள்.

உங்கள் வீட்டுப் பயணம் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போயிற்று என்பதை எனக்கும் எழுதி அனுப்புங்கள்.