ஓடையின் மூச்சு

ஸ்காபரோவில் வாழும் நம்மவருட் பலர் ஹைலண்ட் கிறீக் என்னும் ஓடையை நாள்தோறும் பாலத்தின் மீது கடந்து செல்கின்றனர். கரைக்கு இறங்கி நின்று பார்த்தோர் சிலரே. என் மகளின் விஞ்ஞானப் பாடத்தின் பொருட்டே நானும் இறங்கினேன். ஓடைநீரிற் கரைந்துள்ள காபனீரொட்சைட்டின் அளவைக் கண்டறிவது அவளுக்கு இடப்பட்ட பணி. தமிழும் வரலாறும் கற்பித்த எனக்கு ஆய்வுகூடம் அந்நியமானது. ஆயினும் இச்சோதனை கலைப் பட்டதாரிக்கும் விளங்கக்கூடியதே.

சிறு போத்தலை நீருள் அமிழ்த்தி, காற்றுக்குமிழி ஒன்றேனும் தங்காதவாறு நிரப்பவேண்டும். குலுக்கலாகாது, வீட்டுக்குக் கொண்டுசென்று ஆறுதலாகப் பார்க்கவும் இயலாது. வாயு வழியிலேயே தப்பிவிடும். அதில் பினோத்தலீன் சில துளி இட்டு, பின் சோடியமைதரொட்சைட்டுக் கரைசலைத் துளித்துளியாகச் சேர்க்கவேண்டும். நீர் இளஞ்சிவப்பாகி அரை நிமிடமளவு அந்நிறம் மாறாது நின்றால், சேர்த்த துளிகளின் எண்ணிக்கையே கணக்கு. கரைந்த வாயு நீரோடு கூடி மென்மையான அமிலமாகிறது; அதனை நடுநிலையாக்கவே அத்துளிகள்.

மகள் முற்பகலில் ஒருமுறை அளந்து எழுதிவிட்டாள். பாடசாலை தந்த தாளில் நேரத்தைக் குறிக்க இடமே இருக்கவில்லை. இதை என்னால் ஏற்க முடியவில்லை. பகலில் பாசியும் நீர்த்தாவரங்களும் இவ்வாயுவை உட்கொண்டு ஒட்சிசனை வெளிவிடுகின்றன. இரவிலோ எல்லா உயிர்களும் சுவாசிக்க மட்டுமே செய்வதால் வாயு பெருகி, விடியுமுன் உச்சத்தை அடைகிறது. நேரம் எழுதாத அளவு, ஆண்டு எழுதாத கல்வெட்டைப் போன்றது. அடுத்த சனிக்கிழமை பொழுது புலருமுன் அவளை எழுப்பிச் சென்றேன். “அப்பா, மீனே இன்னும் எழும்பவில்லை” என்று முணுமுணுத்தபடி வந்தாள். அன்று காலையில் தேவைப்பட்ட துளிகளிற் பாதிகூடப் பிற்பகலில் தேவைப்படவில்லை. அதன்பின் அவள் முணுமுணுக்கவில்லை.

இவ்வாயுவை நாம் ஊரிலும் அறிந்தேயிருந்தோம், பெயர்தான் தெரியாது. மழைநீர் மண்ணினூடே இறங்குகையில் வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் காபனீரொட்சைட்டை ஏற்று அமிலத்தன்மை பெறுகிறது. அந்நீரே யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக் குகைகளாக்கிற்று. இராமனின் அம்பு துளைத்ததாக நாம் கதை சொல்லும் நிலாவரைக் கிணறும் அவ்வாறு உண்டானதே. கிணற்று நீரைக் கொதிக்கவைக்கும்போது வாயு வெளியேற, கரைந்த சுண்ணாம்பு கேத்திலின் அடியில் வெண்படையாகத் தங்கும். அம்மா அதைச் சுரண்டிக் களைத்துப்போவார்.

இனி மீன்களின் கதை. செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் சினூக் சமன் மீன்கள் ஒன்ராறியோ ஏரியிலிருந்து இவ்வோடையில் ஏறி முட்டையிட வருகின்றன. (இவையும் பசிபிக் கரையிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட இனமே.) நீரில் காபனீரொட்சைட்டு மிகுந்தால், மீனின் இரத்தம் ஒட்சிசனை ஏற்கும் திறன் குன்றுகிறது. ஒட்சிசனும் குறைந்திருக்கும் விடியற்காலையில் இது இரட்டைத் துன்பம். அதே மாதங்களிற்றான் இலைகளும் உதிர்கின்றன. நீரில் வீழ்ந்த இலை அழுகும்போது ஒட்சிசன் செலவாகிறது, காபனீரொட்சைட்டு பெருகுகிறது.

காட்டோடைக்கும் இலை வீழ்வதுண்டு, அது இயல்பு. ஆனால் ஹைலண்ட் கிறீக்கின் வடிநிலத்திற் பெரும்பகுதி வீடும் வீதியும் தார்ச்சாலையுமே. நம் வாசலிலுள்ள இரும்புக் கிராதியில் வீழும் மழைநீர், சுத்திகரிப்பு நிலையம் எதையும் காணாமல் குழாய்வழியே ஓடைக்குச் செல்கிறது. இலைகளையும் வெட்டிய புல்லையும் வீதிக்குத் தள்ளிவிடும் வழக்கம் எங்கள் தெருவில் உண்டு. கடதாசிப் பையிலிட்டு வைத்தால் மாநகரசபையே எடுத்துச் செல்லும்.

ஒக்டோபரில், மழை பெய்த மறுநாள் விடியலில், குழாய் ஓடையிற் கலக்கும் இடத்துக்கு மேலும் கீழுமாக இரு போத்தல் நீர் எடுப்பதென்று மகள் தீர்மானித்திருக்கிறாள். தன் கொப்பியில் நேரத்துக்கென ஒரு நிரலையும் கோடிட்டு வைத்துள்ளாள்.