ஒருவருக்கு ஓர் இடம்

அன்புத் தங்கைகளே,

பள்ளி மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சகோதரி கேட்டபோது, ஜப்பானில் நான் கண்ட மலைகளையும் கோட்டைகளையும் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால் எழுத உட்கார்ந்ததும் மனக்கண் முன் வந்து நின்றது ஒரு கிண்ணம் நூடுல்ஸ்! சிரிக்காதீர்கள். அந்தக் கிண்ணத்தின் முன் அமர்ந்துதான் நான் ஒரு பாடம் கற்றேன்.

2018-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். ஆறு மாத ஆராய்ச்சிப் பயிற்சிக்காக, ஜப்பானின் தெற்கே கியூஷு தீவிலுள்ள ஃபுகுஓகா நகருக்குப் போயிருந்தேன். பகல் முழுவதும் ஆய்வுக்கூடத்தில் வேலை. மாலையானால் மற்றவர்கள் அவரவர் வீடு நோக்கிப் போய்விடுவார்கள். நான் மட்டும் தனி.

அதுவரை நான் தனியாகச் சாப்பிட்டதே இல்லை. ஏழு ஆண்டுகள் நம் பள்ளி விடுதியில் இருந்தவள் நான். மணி அடித்ததும் தட்டும் கையுமாக வரிசையில் நின்று, நீண்ட பெஞ்சில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, எதிரில் இருப்பவளின் அப்பளத்தைப் பறித்துத் தின்று வளர்ந்தவள். விடுமுறைக்கு வீட்டுக்குப் போனாலும் அப்பா, அண்ணன், தம்பி, ஆச்சி என்று பந்திதான். எங்கள் ஊர் ஓட்டலில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததும் இல்லை. ஆகவே ஃபுகுஓகாவில் முதல் பத்து நாட்களும் ரொட்டியும் வாழைப்பழமும் வாங்கி வந்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தின்றேன். உணவுக் கடைகளின் கண்ணாடிக் கதவு வரை போவேன். உள்ளே மனிதர்களைக் கண்டதும் கால்கள் தாமாகத் திரும்பிவிடும்.

இரவு அம்மா தொலைபேசியில் கேட்பார்கள்: "சாப்பிட்டியாம்மா? யார் கூடச் சாப்பிட்டே?"

"கூட வேலை பார்க்கிற பிள்ளைகளோடதாம்மா."

பொய். பத்து நாளும் அதே பொய்.

பதினோராம் நாள் நல்ல மழை. குளிர் வேறு. ரயில் நிலையத்திலிருந்து திரும்பும் வழியில், ஒரு சந்தின் முனையில் சிறிய ராமென் கடை ஒன்று இருந்தது. வாசலில் தொங்கிய நீலத் துணியை விலக்கிக்கொண்டு ஒருவர் வெளியே வர, அவரோடு ஆவியும் மணமும் சேர்ந்து வந்தன. பசி வென்றது. உள்ளே நுழைந்துவிட்டேன்.

ராமென் என்பது சுடச்சுடச் சாற்றில் இட்ட கோதுமை நூடுல்ஸ். சீனத்திலிருந்து வந்த உணவை ஜப்பானியர் தமதாக்கிக் கொண்டார்கள். டோக்கியோவின் அசாகுசா பகுதியில் 1910-இல் திறக்கப்பட்ட ராய்ராய்கென் என்ற கடை இதைப் பரப்பிய முன்னோடிக் கடைகளுள் ஒன்று. 1958-இல் மொமோஃபுகு அன்டோ என்பவர் இதையே வெந்நீர் ஊற்றினால் வெந்துவிடும் உடனடி உணவாக்கினார். நீங்கள் பள்ளி விட்டு வந்ததும் கிண்டிச் சாப்பிடும் நூடுல்ஸுக்கு அவர்தான் மூதாதை! ஊருக்கு ஊர் சுவை மாறும். வடக்கே சப்போரோவில் மிசோ என்னும் சோயா விழுது கலந்த சாறு. ஃபுகுஓகாவிலோ பன்றி எலும்பைப் பல மணி நேரம் கொதிக்கவைத்து எடுத்த, பால்போல் வெளுத்த சாறு.

கதவருகே ஒரு சீட்டு இயந்திரம் நின்றது. ஆயிரம் யென் தாளைக் கொடுத்துப் படம் பார்த்துப் பொத்தானை அமுக்கினேன். ஒரு சீட்டும் மூன்று நூறு யென் நாணயங்களும் விழுந்தன. யாரிடமும் வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை. அப்பாடா என்றிருந்தது.

கடைக்காரர் நிமிர்ந்து, "ஒஹிதோரிசாமா?" என்று கேட்டார்.

இந்தச் சொல்லை நான் மறக்கவே மாட்டேன். 'ஹிதோரி' என்றால் ஒற்றை ஆள். முன்னால் வரும் 'ஒ' மரியாதைக்கு. பின்னால் வரும் 'சாமா' அதைவிடப் பெரிய மரியாதைக்கு. தனியாக வந்தவளுக்கு முன்னும் பின்னும் மரியாதை! நம் ஊரில் தனியாளை 'ஒண்டிக்கட்டை' என்றல்லவா சொல்லுகிறோம்? நான் தலையசைத்தேன். அவர் கை நீட்டி ஓர் இடத்தைக் காட்டினார்.

மொத்தம் ஒன்பது இருக்கைகள். எல்லாம் அடுப்பைப் பார்த்தபடி ஒரே வரிசையில். அப்போதுதான் ஒன்று புரிந்தது. தனியாகச் சாப்பிடுகிறவரைக் கூசவைப்பது எதிரில் இருக்கும் காலி நாற்காலிதான். இங்கே எதிர் நாற்காலியே கிடையாது. இதே நகரில் தோன்றிய இச்சிரான் என்னும் கடையில் இருக்கைகளுக்கு இடையே பலகைத் தடுப்பு வைத்திருப்பதையும் பிறகு ஒரு நாள் பார்த்தேன்.

எனக்கு வலப்புறம் கழுத்துப்பட்டை அணிந்த அலுவலர். இடப்புறம் நரைத்த தலையுடன் ஒரு மூதாட்டி. அவரும் தனியாகத்தான் வந்திருந்தார். கிண்ணம் வந்ததும் கைகூப்பி, யாரையும் பாராமல், "இதாதகிமாஸ்" என்று மெல்லச் சொன்னார். பணிவுடன் பெற்றுக்கொள்கிறேன் என்று பொருள். கேட்க ஆளில்லாவிட்டாலும் சொல்கிறார்கள்! நானும் சொன்னேன்.

ஒரு வேடிக்கை. சத்தமின்றிச் சாப்பிட வேண்டும் என்று விடுதியில் சகோதரிகள் எவ்வளவு பாடுபட்டுக் கற்பித்தார்கள்! அங்கோ வரிசை முழுவதும் 'உர்ர்' என்ற உறிஞ்சல் ஒலி. சூடான நூடுல்ஸைக் காற்றோடு சேர்த்து உறிஞ்சினால் நாக்குச் சுடாது; அது அங்கே மரியாதைக் குறைவும் அல்ல. நானும் உறிஞ்சினேன். சகோதரிகள் மன்னிக்க!

நூடுல்ஸ் தீர்ந்தது; சாறு மீந்தது. வலப்புறத்து அலுவலர் பலகைமேல் ஒரு நூறு யென் நாணயத்தை வைத்து, "கயேதாமா" என்றார். உடனே அவர் கிண்ணத்தில் மறுபடி நூடுல்ஸ் விழுந்தது. நாகஹாமா மீன் சந்தையில் அவசரமாக உண்ண வந்த தொழிலாளிகளுக்காகத் தோன்றிய வழக்கமாம் இது. நூல்போல் மெல்லியதாகையால் ஒரு நிமிடத்துக்குள் வெந்துவிடும். நானும் ஒரு நாணயத்தை வைத்தேன். ஜப்பானில் நான் துணிந்து கேட்டு வாங்கிய முதல் பொருள் அதுதான்!

அன்றிரவு அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "அம்மா, இத்தனை நாளும் பொய் சொன்னேன். கடையில் தனியாச் சாப்பிட வெட்கப்பட்டு ரொட்டி தின்னுட்டுக் கிடந்தேன். இன்னிக்குத்தான் தனியாப் போய்ச் சாப்பிட்டேன்."

அம்மா சிரித்தார்கள். "இதுக்கா பொய் சொன்னே? நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தனியாத்தானே சாப்பிடுறேன்!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லாருக்கும் பரிமாறி, எச்சில் தட்டெல்லாம் எடுத்துவைத்த பின், அடுக்களைத் தரையில் அம்மிக்குப் பக்கத்தில், மீந்த குழம்பைச் சட்டியோடு வைத்துக்கொண்டு உட்காரும் அம்மா. எத்தனை ஆண்டுகள் கண்டும் காணாமலும் இருந்திருக்கிறேன்! முன்பின் தெரியாத ஒரு கடைக்காரர் தனியாக வந்தவளுக்கு மரியாதையோடு ஓர் இடம் காட்டினார். ஆறு பேர் உள்ள எங்கள் வீட்டில் அம்மாவுக்கு இடம் போட எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

2019 ஏப்ரலில் ஊர் திரும்பிய முதல் இரவு, பந்தியில் உட்காராமல் காத்திருந்தேன். அம்மா அடுக்களையில் உட்கார்ந்ததும் என் தட்டோடு போய்ப் பக்கத்தில் அமர்ந்தேன். "தரையிலே ஏன் உட்கார்றே, போ அங்கே" என்று அதட்டினார்கள். நான் போகவில்லை. சற்று நேரம் பார்த்துவிட்டு, அம்மியை ஒட்டி நகர்ந்து எனக்கு இடம் விட்டார்கள். மறுநாள் முதல் அம்மாவுக்கும் பந்தியில் ஒரு தட்டு வைத்தேன். உட்கார ஒரு மாதம் ஆயிற்று. ஆனால் உட்கார்ந்தார்கள்.

தங்கைகளே, நாளை நீங்களும் படிப்புக்கோ வேலைக்கோ தொலைதூரம் போவீர்கள். தனியாக இருக்கிறோமே என்று கூசிப் பட்டினி கிடக்காதீர்கள். தலை நிமிர்ந்து உள்ளே போய் உட்காருங்கள். அதற்கு முன், இன்றிரவு உங்கள் வீட்டில் கடைசியாக, தனியாகச் சாப்பிடுவது யார் என்று சற்றே எட்டிப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் முன்னாள் மாணவி